லாகோஸில் கமலவேணி அக்காவுக்குச் சாமி வந்த நாள்

செவ்வாய்க்கிழமை காலை, பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. டாக்டர் கமலவேணியின் கணவர் சுப்பிரமணியம் பேசினார். "கமலா போயிட்டாம்மா." மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதற்கும் காத்திருக்கத் தெரியாத மனுஷி, இதற்கும் காத்திருக்கவில்லை.

மான்ட்ரியால் தமிழர்களில் அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் யாராவது உண்டா? குழந்தைக்கு ஜுரம் என்று தூக்கிக்கொண்டு போனால் முதல் வசவு நமக்கு, பிறகுதான் மருந்து குழந்தைக்கு. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அக்காவின் கை அடித்ததோடு சரி. அணைத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம் வீட்டுக் குழந்தைகள் பாதிப்பேர் அந்தக் கையால் பிழைத்தவர்கள்தான்.

அந்தப் பொங்கல் விருந்து உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். வில்லரேயில் ஒரு நண்பர் வீட்டு நிலவறையில் கூடியிருந்தோம். ஆப்பிரிக்காவில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு பொறியாளர், அங்கே கடற்கரைத் தலைநகரத்தில் ராஜ வாழ்க்கை வாழ்ந்ததை விவரித்துக்கொண்டிருந்தார். பங்களா, சமையல்காரன், டிரைவர், தோட்டக்காரன். "எல்லாமே சல்லிசுங்க. ஆளுங்க அதைவிட சல்லிசு" என்று அவர் சிரித்ததும் ஒரு சாம்பார்க் கரண்டி பறந்து வந்து, அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. "எவன்டா சல்லிசு?" என்று எழுந்து நின்றார் அக்கா. சுப்பிரமணியம் அக்காவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். பனியில் நின்று அக்கா கத்தியது உள்ளே எங்களுக்குக் கேட்டது. அக்காவும் ஆப்பிரிக்காவில் இருந்தவர், நிறைவாகத்தான் வாழ்ந்திருப்பார், பின் ஏன் இந்தக் கோபம் என்று யாருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது எழுபதாம் வருஷம் அக்டோபரில். தனிநாடு கேட்ட பிரெஞ்சுக் கூட்டத்தார் குண்டு வைத்தார்கள், ஆட்களைக் கடத்தினார்கள், கடத்தப்பட்டவர்களில் ஒருவரைக் கொன்று காரின் பின்பெட்டியில் போட்டார்கள். ஊருக்குள் ராணுவம் இறங்கியிருந்தது. ஒரு மத்தியானம் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அடுக்ககத்துக்கு அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தார். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டு, என் சோபாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். தெருமுனையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றிருந்தான். பூனைமீசைகூட முளைக்காத பையன். அவனைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா அப்படி ஓடி வந்திருக்கிறார்.

பேச்சை மாற்ற நினைத்து, என் வீட்டுச் சேதியைச் சொன்னேன். என் கணவருக்கு ஆப்பிரிக்காவில், அக்ராவில் வேலை வந்திருந்தது. கடலைப் பார்த்த வீடு, வேலைக்கு மூன்று பேர். இங்கே ஒற்றைப் படுக்கையறையில் குளிரிலும் வாடகையிலும் அல்லாடுவதற்கு அங்கே மகாராணி மாதிரி இருக்கலாம் என்றேன். போகலாமா என்று கேட்டேன்.

அக்கா தான் இருந்த லாகோஸ் நகரத்துக் கதையைச் சொன்னார்.

இக்கேஜா பக்கம் அவர்களுக்குப் பெரிய பங்களா. சமையலுக்கு ஃபீலிக்ஸ், அந்த நாட்டின் கிழக்கே இருந்து வந்த இக்போ இனத்து இளைஞன். வாசலில் காவலுக்கு ஆடமு, அதே நாட்டின் வடக்கத்திக்காரர், பேரன் பேத்தி எடுத்தவர். அறுபத்தாறில் அந்த நாட்டில் ராணுவத்துக்குள்ளேயே வெட்டு குத்து. முதலில் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் பெரும்பாலும் இக்போ அதிகாரிகள். அதற்குப் பழியாக இரண்டாவது முறை ஆட்சி கவிழ்ந்தபோது வடக்கத்திச் சிப்பாய்கள் வீடு வீடாக இக்போக்காரர்களைத் தேட ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு குமாஸ்தாவை வேலியில் சாய்த்து நிறுத்திச் சுட்டார்கள். சுப்பிரமணியம் அப்போது வடக்கே அணைக்கட்டு வேலையில் இருந்தார். வீட்டில் அக்கா, ஃபீலிக்ஸ், வாசலில் ஆடமு.

"ஓடறதுக்கு நேரமில்ல கண்ணு. லாரி சத்தம் கேட்டுடுச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, பின்னாடி வேப்பமரத்துல கொத்துக் கொத்தா ஒடிச்சேன். ஃபீலிக்ஸைப் பாயில கிடத்தி, மூஞ்சி கையெல்லாம் மஞ்சளை அப்பி, வெள்ளைத் துணியைப் போர்த்தி, வாசப்படியில வேப்பிலையைச் சொருவினேன். அங்க அப்போ பெரியம்மை இருந்துச்சு. பட்டாளத்தானும் அம்மைக்குப் பயப்படுவான்."

அக்கா பவானிப் பக்கத்துச் சுயமரியாதைக் குடும்பம். வீட்டில் சாமி படமே கிடையாது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினால் பிய்த்தெறிந்துவிட்டு ஊசி போடுகிற ஆள். அந்த ஆள்தான் கூந்தலை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையிலும் வேப்பிலையோடு பாயைச் சுற்றி ஆடியிருக்கிறார். சின்ன வயதில் மாரியம்மன் பண்டிகையில் பார்த்துச் சிரித்த அதே ஆட்டம். தமிழில் வாய்க்கு வந்த வசவெல்லாம் சேர்த்துக் குலவையிட்டாராம். கதவை உதைத்துக்கொண்டு வந்த சிப்பாய்கள் வாசற்படியிலேயே நின்றார்கள். ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். எல்லாரும் முற்றத்துக்குப் போனார்கள்.

"போயிட்டானுங்கன்னு நெனச்சேன். போகல. ஆடமுவைப் பிடிச்சுட்டானுங்க."

உள்ளே கிடப்பது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மை கண்ட நோயாளி என்றார் ஆடமு. துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். நீ நம் ஆள், உண்மையைச் சொல் என்றார்கள். நோயாளி என்றார். மறுபடி அடித்தார்கள். சன்னல் திறந்திருந்தது. எலும்பு உடைகிற சத்தம் டாக்டருக்குத் தெரியாதா? பாயில் போர்வைக்குள் ஃபீலிக்ஸ் எழப் பார்த்தான். அக்கா ஆடிக்கொண்டே அவன் நெஞ்சில் காலை வைத்து அழுத்தினார்.

"ஆட்டத்தை நிறுத்தியிருந்தா உள்ள வந்திருப்பானுங்க. நிறுத்தல. அவரு கத்தக் கத்த நான் இன்னும் சத்தமாக் குலவை போட்டேன். நடிச்சேனா, நெசமாவே எதாச்சும் வந்துச்சா, இன்னிக்கு வரைக்கும் தெரியல கண்ணு. சாமி எனக்கு வந்துச்சு, பலி அவரு."

லாரி கிளம்பியதும் ஆடமுவைத் தூக்கிவந்து சமையல் மேசையில் கிடத்தினார்கள். தையல் போட மண்டையில் இடமில்லை. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. ஃபீலிக்ஸ் தப்பித்துக் கிழக்கே போய்ச் சேர்ந்தான்.

நான் அழுதுவிட்டேன். அக்காவின் கையைப் பிடித்து, "நீங்க செஞ்சது சரிதான் அக்கா. ஒரு உயிரையாவது காப்பாத்தினீங்களே" என்றேன்.

பளீரென்று கன்னத்தில் விழுந்தது. காது ஒரு நிமிஷம் கேட்கவில்லை. "சரின்னு சொல்ல நீ யாருடி? அந்தாளு பொண்டாட்டி சொல்லட்டும்" என்றார் அக்கா. பிறகு சோபாவை நகர்த்தி, கதவைத் திறந்தார். "அக்ராவுக்குப் போ. நல்ல ஜனங்க, நல்ல கடலு. ராணி மாதிரி இருக்கலாம்னு மட்டும் போகாத" என்று சொல்லிவிட்டு, அந்தச் சிப்பாய்ப் பையனைத் தாண்டி நடந்து போனார். நாங்கள் கடைசியில் அக்ராவுக்குப் போகவில்லை. காரணம் பயம்தான், வேறு பெருமை ஒன்றுமில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஓர் அடி. எத்தனையோ பேருக்கு எத்தனையோ நல்ல வார்த்தைகள் சொல்லியிருப்பார். எனக்கு வாய்த்தது இது, இதுவே போதும்.

வியாழக்கிழமை தகனம் முடிந்ததும் சுப்பிரமணியம் என் பக்கத்தில் வந்து நின்றார். "காலைல தலை வலிக்குதுன்னு சொன்னா. கொஞ்ச நேரம் படுன்னு சொல்லிட்டு நான் ஷூவைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்றார். இல்லை, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. கன்னம் சுரீரென்றது. நான் ஒன்றும் சொல்லாமல் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழுது முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.