பிடோக் குன்று கடலுக்கு வருகிறது

நாகப்பட்டினத்திலிருந்து உறவினரைப் பார்க்க வந்த நான், சிங்கப்பூரின் பிடோக் கடற்கரையில் வேடிக்கை பார்த்தபடி நிற்கிறேன். குன்றுகளை வெட்டி, அந்தச் செம்மண்ணை நீண்ட ரப்பர் பட்டையில் கொண்டுவந்து கடலில் கொட்டி நிலமாக்குகிறார்கள். மண்ணோடு மரவேர்களும் ஓட்டுத் துண்டுகளும், உடைந்த பீங்கான் தட்டு ஒன்றும் வந்து விழுகின்றன. கரையோரத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது.

மண்தள்ளும் புல்டோசரை நிறுத்திவிட்டு, அதை ஓட்டும் முத்தையா சாப்பிட உட்காருகிறார். என்னையும் பக்கத்தில் அழைக்கிறார்.

"நீங்க உக்காந்திருக்கிற இடம் போன வருஷம் கடல் லா," என்கிறார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து.

அவர் குடியிருந்த வீடும் அந்தக் குன்றுகளில் ஒன்றின்மேல்தான் இருந்ததாம். அதை இடித்தபோது, இடிபாட்டை இவரே இங்கே தள்ளி நிரவியிருக்கிறார்.

"மனசு கஷ்டமா இல்லையா?" என்று கேட்கிறேன்.

"அன்னிக்குச் சோறு இறங்கலைங்க. ஆனா எம் பொண்ணு ஸ்கூல்ல சிங்கப்பூர் மேப் வரையறப்ப டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா. இந்தப் பக்கம் கோட்டைக் கொஞ்சம் வெளிய தள்ளிப் போடணும், அங்க எங்கப்பா மண்ணு போட்டிருக்காருன்னு."

சோற்றுக் கையை நீட்டி, அந்தக் கோடு எதுவரைக்கும் போகும் என்று காட்டுகிறார். அங்கே இன்னும் அலை அடித்துக்கொண்டிருக்கிறது.