அப்பாவுக்காகச் சொன்ன பாவம்

ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் போவார்கள். நானும் போவேன். பதினொரு வயதில் சொல்வதற்கு என்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது? தம்பியின் பங்கு நெத்திலியைத் தின்றது, ஜெபமாலை சொல்லும்போது தூங்கியது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்பார், பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்யமாட்டார். அம்மாவை அடிப்பார். குடித்துவிட்டுத்தான் அடிப்பார் என்று எழுத ஆசைதான், குடிக்காமலும் அடிப்பார். குழம்பில் உப்பு ஏறினால் போதும். அந்த நேரங்களில் நான் தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு சத்தமாக வாய்ப்பாடு ஒப்பிப்பேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழ்ப் பாடம். கணக்கில் கெட்டிக்காரி என்று டீச்சர் மெச்சிக்கொண்டார்.

சாவான பாவம் என்கிற பெரிய பாவத்தைச் சொல்லாமல் மறைத்தால் அது நேராக நரகத்தில் கொண்டு தள்ளும் என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொன்னார். அப்பா ஒருநாளும் சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவை எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் போகமாட்டார் என்பதால் அந்தச் சனிக்கிழமை நானே அவர் பாவத்தைச் சொன்னேன்.

"அம்மாவ அடிச்சிட்டேன், சாமி."

எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"எத்தனை தடவை?"

"இந்த வாரம் ரெண்டு தடவை."

பெற்ற தாயையா என்று ஆரம்பித்துத் திட்டித் தீர்த்தார். பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மா காலில் விழு என்றார். அத்தனை திட்டும் அப்பாவுக்குச் சேரவேண்டியது. நான் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது, அப்பா தப்பித்துவிட்டார் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அம்மா வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தேன்.

"மன்னிச்சிக்கோம்மா."

"இன்னாத்துக்குடி?"

"உன்ன அட்ச்சதுக்கு."

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உங்கப்பாதான்னு சாமியாருக்குத் தெரிஞ்சிச்சா?"

"இல்லம்மா. நான்தான்னு நெனச்சிகினாரு."

"அப்ப சரி. அப்டியே இருக்கட்டும்."

மறுபடியும் மீனின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் மேல் வராத கோபமெல்லாம் எனக்கு அவள்மேல் வந்தது. அன்று அவள் கொடுத்த சோற்றை நான் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாவே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை பின்னினாள். முக்காட்டை என் தலையில் போட்டு, காதருகே குனிந்தாள்.

"அவரு வாயால சொல்லமாட்டாரு. நீயே போயி சொல்லிட்டு வாடி."

போனேன். இந்த முறை, பெல்ட்டால் அடித்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.