எண் போடாத மனு

தெருவில் அவளை மனுக்காரி என்றுதான் சொல்வார்கள். பெயர் ஒன்று இருந்தது. அது மின்கட்டண ரசீதில் மட்டும் பயன்பட்டு வந்தது. அரசு அலுவலகத்துக்கு எதிரே எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி. இருபத்துநான்கு வருடமாக ஊரார் குறைகளை ஒழுங்கான வாக்கியங்களாக மாற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அழுதுகொண்டு வருகிறவர்களிடம் முதலில் தேதியைக் கேட்பாள். தேதியை யோசிப்பதற்குள் பாதி அழுகை நின்றுவிடும் என்பது அவள் அனுபவம்.

அந்த வருடம் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைந்தார்கள். வரைந்த புண்ணியவான் அவள் குடியிருந்த தெருவின் நடுவிலேயே கோட்டை இழுத்துவிட்டார். ஒற்றைப்படைக் கதவெண்கள் வடக்குத் தொகுதி, இரட்டைப்படை தெற்கு. அதுவரை தெரு மொத்தமும் முனையில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. இனி ஒற்றைப்படைக்காரர்கள் ரயில் பாதையைத் தாண்டி நூலகத்துக்குப் போக வேண்டும். அப்போதைய உறுப்பினர் தெருவுக்கு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. ஆனாலும் கிள்ளிப் போடாதவர் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வசதியை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை.

தெருச் சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓர் ஆட்சேபணைக் கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்து, இருநூறு பிரதி எடுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. மனுக்காரி, எல்லையை வரைந்த ஆணையத்தின் அறிவிப்பை எடுத்து, ஏழாவது விதியில் விரலை வைத்தாள். ஒரே வாசகத்தில் வரும் ஆட்சேபணைகள் எத்தனை வந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும் என்று அதில் இருந்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயங்காலமே தெருவெங்கும் போய், ஆளாளுக்கு ஒரு காரணம் யோசித்துக்கொண்டு மனுக்காரியிடம் வரும்படி கத்திவிட்டு வந்தார்.

வந்தார்கள். காரணம்தான் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ அதையே எழுதச் சொன்னார்கள். மனுக்காரி விடவில்லை. ஒவ்வொருவர் வாயையும் பிடுங்கினாள். முடிதிருத்துபவர் தன் கடை ஒரு தொகுதியிலும் கடைவாசலில் காத்திருப்பவர்கள் இன்னொரு தொகுதியிலும் இருந்தால் அரசியல் பேச்சு கெட்டுவிடும் என்றார். பல் டாக்டரின் மாமியார், பள்ளிக்கூடத்தில் மின்விசிறி ஓடுகிறது, நூலகத்தில் ஓடுமா என்று உத்தரவாதம் கேட்டாள். ஒருவர், மைத்துனர் இருக்கும் தொகுதியில் தன்னைச் சேர்ப்பது மனித உரிமை மீறல் என்றார். எல்லாவற்றையும் மனுக்காரி முகம் மாறாமல் அடித்து, எண் போட்டு அடுக்கினாள். பன்னிரண்டு நாளில் இருநூற்றொன்பது சேர்ந்தது.

தன்னுடையதை அவள் முதல் நாளே அடித்துவிட்டாள். அதற்கு மட்டும் எண் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள்.

அவள் வீடு பதினெட்டாம் எண். எதிரே பதினேழில் அவளுடைய அக்கா. இருவரும் பேசிப் பதினோரு வருடம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆபரேஷன் செய்யலாம் என்றாள் அக்கா, வேண்டாம் என்றாள் தங்கை. இருவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். யார் சொன்னது சரி என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்பதும் தெரியவில்லை. எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இருவரும் அதைத் திறம்படச் செய்தார்கள். ஓட்டுச்சாவடி வரிசையில் மட்டும் அது முடியவில்லை. இருவருமே விடிந்ததும் போய் நிற்கிறவர்கள். விலகிப் போனால் இடம் போய்விடும். பதினோரு வருடத்தில் இரண்டு தேர்தல் வந்தது. முதல் தேர்தலில் அக்கா, "வெயில் ஏறிடும் போல" என்றாள். இரண்டாவதில், "முட்டி வலி இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு முறையும் தங்கை "ம்" என்றாள். இந்த இரண்டு கேள்விகளையும் அந்த இரண்டு "ம்"களையும் அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறாள்.

கடைசி நாள் மத்தியானம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அக்கா.

"சொல்லுங்க" என்றாள் மனுக்காரி, பழக்கதோஷத்தில்.

"என்னடி, சொல்லுங்கங்கற. நான் என்ன மூணாவது மனுஷியா?"

மனுக்காரி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு காரணம் கேட்டாள். அக்கா கைப்பையின் பட்டனைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"ஓட்டுப் போடற அன்னிக்கு வரிசையில என் தங்கச்சியைப் பாக்க முடியுது. மத்த நாள்ல முடியறதில்ல. அதனால தெருவைப் பிரிக்க வேணாம். இதை ஒழுங்கா எழுதிக்கோ."

மனுக்காரி எழுதவில்லை. இழுப்பறையைத் திறந்து, எண் போடாத தாளை எடுத்து நீட்டினாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நாலே வரி. படிக்க வெகுநேரம் ஆயிற்று.

தாளைத் திரும்ப வாங்கிய மனுக்காரி, கணினியில் "என் அக்காவை" என்று இருந்ததை "என் உடன்பிறந்தவளை" என்று மாற்றி இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றில் தான் கையெழுத்துப் போட்டாள். இன்னொன்றை அக்கா பக்கம் தள்ளினாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணாத்தான் எண்ணுவாங்களாமே. சங்கத் தலைவர் தெருவெல்லாம் கத்திட்டுப் போனாரே" என்றாள் அக்கா.

"எண்ணிட்டுப் போகட்டும்."

அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஓர் ஆட்சேபணையை வீணடித்துவிட்டதாகத் தலைவர் மனுக்காரியிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து ஆணையத்தின் பதில் வந்தது. இருநூற்றுப் பத்து ஆட்சேபணைகள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன; எல்லையில் மாற்றம் இல்லை. இருநூற்றுப் பதினொன்று வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று தலைவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் இல்லை. கேட்டைத் திறக்கும்போது பார்த்துக்கொண்டால் தலையை ஆட்டினார்கள். பதினோரு வருடத் துரு அவ்வளவு சுலபத்தில் உதிராது.

அடுத்த தேர்தல் வந்தது. மனுக்காரி விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. ரயில் பாதை மேம்பாலத்தின் ஐம்பத்திரண்டு படிகளையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கி, நூலகத்துக்குப் போனாள். பெண்கள் வரிசையில் அக்கா ஒன்பதாவது ஆளாக நின்றிருந்தாள். மனுக்காரி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து சீட்டைக் கேட்டார். அவள் மை வைத்த விரலைக் காட்டினாள்.

"ஓட்டுதான் போட்டாச்சே. இங்க எதுக்கும்மா நிக்கறீங்க?"

"அக்கா நிக்கறா" என்றாள் மனுக்காரி.

அது எந்த விதியில் வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். அவள் தள்ளி நிற்கவில்லை.

"முட்டி வலியோட இவ்வளவு தூரம் வரணுமா?" என்றாள் அக்கா.

இந்த முறை மனுக்காரி "ம்" என்று சொல்லவில்லை. வலது முட்டிதான் அதிகம் வலிக்கிறது, படி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்று ஆரம்பித்தாள். வரிசை நகர்ந்தது. அக்காவோடு சேர்ந்து அவளும் நகர்ந்தாள்.