எல்லாரும் என்று சொன்னால்

"உன் பயறு பூராவும் வண்டு" என்கிறாள் வாங்க வந்தவள். கெஹிந்தே மறுப்பதில்லை. சாக்குக்குள் கைவிட்டு ஓட்டையில்லாத தட்டைப்பயறு ஒன்றைத் தேடியெடுத்து, அவள் உள்ளங்கையில் வைக்கிறாள். "பூராவுமா, கொஞ்சமா? பாத்துச் சொல்லு."

இபாதான் சந்தையில் அவளிடம் வாங்குகிறவர்கள் வாயை அளந்துதான் திறப்பார்கள். முஸ்லிம்கள் எல்லாரும் அப்படி, பெந்தெகொஸ்தேக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று தொடங்கினால் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. பக்கத்தில் மிளகாய் விற்கும் ரிஸ்காத் சீண்டுவாள்: "இவ கேள்விக்குப் பயந்துதான் புருஷன் ஓடிப்போனான்."

"லாகோஸ்ல வேலைக்குப் போயிருக்கார்டி. ஓடிப்போனவன் எவனும் ஊர்ல இருக்கமாட்டான். அதுக்காக ஊர்ல இல்லாதவன் எல்லாம் ஓடிப்போனவனா?"

படித்தது ஆறாம் வகுப்பு. தர்க்க நூல் எதையும் அவள் தொட்டதில்லை. அவளோடு அரைமணி நேரம் இருந்தால் தலை வலிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் அவள் அம்மா இறந்தாள். தேவாலயத்து இடுகாட்டில், முன்பே இறந்த தன் கணவர் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. சபைப் பெரியவர் எசெக்கியேல் முடியாது என்றார். காரணம், அம்மாளின் பெட்டியில் கிடைத்த ஒரு சாண் மரப்பாவை. கெஹிந்தே இரட்டையரில் ஒருத்தி. உடன்பிறந்த தைவோ, பெயர் வைத்த மறுநாளே போய்விட்டான். இறந்த பிள்ளைக்கு மரத்தில் உருவம் செதுக்கி, இருக்கிற பிள்ளையோடு அதையும் குளிப்பாட்டி ஊட்டுவது இங்கே பழைய வழக்கம். கழுவிக் கழுவி அந்தப் பாவைக்கு மூக்கே தேய்ந்திருந்தது.

உடல் சவக்கிடங்கில் காத்திருந்தது. இடுகாட்டு வாசலில் பெரியவரைப் பார்க்க கெஹிந்தேயோடு போனவர்களில் நானும் ஒருவன்.

"பாவை வச்சிருக்கிறவங்க எல்லாரும் விக்கிரகத்தைக் கும்பிடறவங்க. அவங்களுக்கு இங்க மண்ணு கிடையாது மகளே" என்றார்.

"எல்லாருமா, பாபா?"

"எல்லாரும்."

"உங்கம்மாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சே. இங்கதான் ரெண்டாவது வரிசையில படுத்திருக்காங்க."

பெரியவருக்குக் குரல் உயர்ந்தது. "அது வேற! எங்கம்மா அதைக் கும்பிட்டதே இல்ல. செத்த புள்ள ஞாபகமா வச்சிருந்தா, அவ்வளவுதான்."

"அப்போ கும்பிடாம வச்சிருந்தவங்களும் உண்டு. நீங்களே சொல்லிட்டீங்க. 'எல்லாரும்' போச்சு."

"அதனால உங்கம்மா கும்பிடலன்னு ஆயிடுமா?"

"ஆகாது" என்றாள் உடனே.

ஜெயிப்பதற்காகப் பேசுகிறவர்கள் அந்த இடத்தில் 'ஆகாது' என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. படித்தவர்களிடம்கூட.

"அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது பாபா. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ண வச்சுக் குழி இல்லன்னு சொல்லாதீங்க. இல்ல, எல்லாரும்தான்னா, ரெண்டாவது வரிசையில தோண்ட ஆரம்பிங்க. எங்கம்மாவ நானே வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போறேன்."

பெரியவர் இரண்டாவது வரிசையைப் பார்க்காமல் நின்றார்.

சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை கெஹிந்தே எடுத்து வந்தாள். மூத்தவர்களை வணங்கும் முறைப்படி அவர்முன் முழந்தாளிட்டு, காம்பை அவர் பக்கம் திருப்பி, இரு கைகளாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு அவள் அப்பாவின் கல்லறைப் பக்கம் நடக்கும்வரை எழுந்திருக்கவில்லை.