பழைய தோட்டாவுக்கு ஒரு பருவம்

எங்கள் வீட்டில் வேட்டைத் துவக்கு வைத்திருப்பவள் நான். துவக்கைப் பற்றிக் கதைப்பவர் இவர், என் கணவர். சுவிஸில் நாங்கள் இருக்கும் பூம்ப்ளிஸில் எங்களைத் தெரிந்த தமிழர் எல்லோருக்கும் இது பழக்கமான விஷயம். கோயிலில் கண்டால் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள், "இந்த முறை என்ன விழுந்தது?" என்று. நான் வாய் திறப்பதற்குள் இவர் தொடங்கிவிடுவார். எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், குண்டு போகிற வழியில் எவ்வளவு கீழே இறங்கும் என்று எல்லாம் வரும். கேட்டவர்கள் இவரைத்தான் வேட்டைக்காரர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நானும் திருத்துவதில்லை. திருத்த வெளிக்கிட்டால் கையிலிருக்கும் சர்க்கரைப் பொங்கல் ஆறிவிடும்.

உண்மையில் இவர் அந்தத் துவக்கை ஒரு விரலால்கூடத் தொட முடியாது. நான் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து வருடங்களாகிவிட்டன. இவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டும் சி பெர்மிட் என்கிற வதிவிட அனுமதியுமாக இருக்கிறார். குடியுரிமைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்றால் இவருக்குப் பஞ்சி, சோம்பல். இலங்கைப் பிரசைகள் இந்த நாட்டில் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே துவக்கு பூட்டிய அலுமாரிக்குள்ளும் திறப்பு என் கைப்பைக்குள்ளும் இருக்கும். இவர் அலுமாரிக்கு வெளியே நின்று அபிப்பிராயம் சொல்வார்.

எனக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வேட்டைக்குள் என்னை இழுத்துவிட்டவர் எங்கள் மேல்மாடியில் இருக்கும் சுவிஸ்காரி. தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். முதலில் காளான் பொறுக்கத்தான் காட்டுக்குக் கூட்டிப்போனார். பிறகு மான் தடம் காட்டினார். பிறகு, "நீ ஏன் வேட்டைப் பரீட்சை எழுதக்கூடாது?" என்று கேட்டார். மரம், செடி, பறவை, சட்டம் என்று படிக்கக் கொடுத்த புத்தகங்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பரீட்சை என்றால் யாழ்ப்பாணத்தாளுக்கு வரும் வெறி எனக்கும் வந்துவிட்டது.

சுடும் திடலில் முதல் நாள் மட்டும் மானம் போனது. பக்கத்தில் ஒருவர் சுட்டதும் நான் நிலத்தில் குந்தி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். பதுங்கு குழியில் பழகிய உடம்பு அது. என்னைக் கேட்டா செய்கிறது? பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தபால்காரி காதுமூடியை என் தலையில் மாட்டிவிட்டார். பிறகு நானே சுட்டேன். சத்தம் என் விரலிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தபின் பயம் குறைந்தது. இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

நான் வாங்கியது பழைய துவக்கு. ஒரு காலத்தில் இந்த நாட்டுப் படையினர் வீட்டுக்கு வீடு வைத்திருந்த வகை. யாரோ ஒருவர் அதை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். அதற்குள் போடுகிற தோட்டா ஏழரை மில்லிமீட்டர். வயது நூறுக்கு மேல். இது தெரிந்த அன்றே இவர் நெற்றியில் கை வைத்தார்.

"ஏழரையை விலை குடுத்து வீட்டுக்குள்ளை கொண்டந்திருக்கிறீர்," என்றார். "சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறது நான்."

அதிலிருந்து இவருக்கு இரவு பகல் ஒரே படிப்பு. கைபேசியில் அமெரிக்கக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து தோட்டாக்களை வரிசையாக வைத்து விளக்கும் படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவற்றில் இவர் மனதைக் கொடுத்தது மக்னம் என்கிற புதுவகைத் தோட்டா ஒன்றுக்கு. கூடு பெரிது, வெடிமருந்து அதிகம், குண்டு போகிற வேகம் மின்னல். தூரத்திலும் இறங்காமல் நேராகப் போகுமாம். இறைச்சிக்கறிக்கு உப்புப் பார்க்கும்போதுகூட அதன் புகழைப் பாடுவார். போதாக்குறைக்குத் தபால்காரியும் போன வருடம் மலையாடு சுடுவதற்கென்று அதே மக்னத்துக்கு மாறிவிட்டார். இவருக்கு அது தேர்தலில் வென்ற மாதிரி.

நான் துவக்குக் கடைக்காரரிடம் கேட்டேன், என்னுடைய தோட்டா இன்னும் எத்தனை காலம் ஓடும் என்று. அவர் தாடியைச் சொறிந்தார். புதிய தோட்டாக்கள் வருடா வருடம் வருகின்றன, விளம்பரம் ஓய்ந்ததும் பாதி காணாமல் போய்விடுகின்றன, பிறகு அந்தத் துவக்குகளை வைத்திருப்பவர்கள் தோட்டா தேடி ஊர் ஊராக அலைகிறார்கள் என்றார். ஏழரைக்கு அந்தக் கவலை இல்லை. ஊருக்கு ஊர் சுடும் கழகம் இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஆனால் வேட்டையில் ஈயக் குண்டுக்குத் தடை வரப்போகிறது. ஈயம் இல்லாத குண்டை எல்லா நிறுவனங்களும் பழைய தோட்டாவுக்குச் செய்து கொடுக்குமா என்று தனக்குத் தெரியாது என்றார். இதை வீட்டில் வந்து சொன்னபோது முதல் பாதி இவர் காதில் விழவில்லை.

போன வருடம் நான் ஒரு மானைத் தவறவிட்டேன். தூரத்தைக் குறைத்துக் கணித்துவிட்டேன்; குண்டு வயிற்றுக்குக் கீழே புல்லில் போய் விழுந்தது. பிழை என்னுடையது, பழி தோட்டாவுக்கு. அதை வைத்து இவர் ஒரு வருடம் முழுக்க அரித்தார். பொறுக்கமுடியாமல் நானே ஒரு நாள் சொன்னேன்: "இந்தப் பருவம் ஒண்டு விழுந்தால் பழசு என்னட்டை இருக்கும், நீங்கள் வாயே திறக்கக்கூடாது. விழாட்டி அதைக் கடையிலை குடுத்திட்டு உங்கடை மக்னத்தை எடுப்பம்."

"சத்தியம்?"

"சத்தியம்."

அந்தத் துவக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் சின்னத் தோளுக்கு அதன் உதை பொறுக்கக்கூடியது. கையில் எடுத்தால் நான் குந்தியிருந்த அந்த நாள் நினைவுக்கு வரும், எழும்பி நின்றதும் நினைவுக்கு வரும். அதைக் கொடுக்க எனக்கு மனமே இல்லை.

ஐப்பசியில் எனக்கு ஒரு கிழமை லீவு கிடைத்தது. தபால்காரியின் காரில் விடியப் புறப்பட்டு மலையடிக் காட்டுக்குப் போனோம். நாங்கள் தேடியது றே என்று இங்கே சொல்லும் சின்ன மான். முதல் நாட்களெல்லாம் மூடுபனி. மானைவிடு, என் சப்பாத்தையே நான் காணவில்லை. கிழமையின் கடைசிக்கு முதல் நாள் வானம் வெளித்தது. அன்றைக்குப் பார்த்து ஆயுத பூசை.

இவர் சமையல்காரர்; பழைய நகரத்தில் ஒரு உணவகத்தில் வேலை. ஆயுத பூசையில் மட்டும் யாரும் இவரை அசைக்க முடியாது. தன் கத்திகள், காரின் திறப்பு, மகளின் மடிக்கணினி, என் கடையிலிருந்து நான் கொண்டுவந்த அளவுகோல் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். துவக்கும் வரவேண்டும் என்றார். பூசையில் வைத்ததை அடுத்த நாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை தொடக்கூடாது. அப்படியானால் வெளித்த நாள் வீணாகப் போகும்.

"வேட்டைக்குப் போற ஆயுதத்துக்குப் பூசை இல்லாமல் வேறை எதுக்குப் பூசை?" என்றார். நானும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்தானே. துவக்கை நானே எடுத்துவந்து வைத்தேன், தோட்டாக்களை ஒரு வெள்ளித் தட்டில் வைத்தேன். இவர் துவக்கைத் தொடாமல், செவ்வரத்தம் பூவைச் சந்தனத்தில் தோய்த்து எட்ட நின்று தெளித்தார். சட்டத்தை மதிக்கிற மனிதர். நான் மோதகத்தை இறக்கக் குசினிக்குப் போனேன்.

மறுநாள் விடியவே பூசை முடித்து, கற்பூரம் காட்டி, துவக்கை நன்றாகத் துடைத்து எடுத்தேன். தோட்டாக்களை அப்படியே பைக்குள் போட்டேன். லீவின் கடைசி நாள் அது, அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த கடைசி நாளும் அதுதான். காட்டில் ஒரு சிறு வெளியின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் தபால்காரியும் இருந்தோம். பைக்குள் கையை விட்டுத் தோட்டாவை எடுத்துத் துவக்கில் போட்டபோது இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை.

வெளிச்சம் வந்ததும் மான் வந்தது. தனியாக, பக்கத்தில், அழகாக, பக்கவாட்டில் திரும்பி நின்றது. தவறவிடவே முடியாது. விசையை இழுத்தேன்; ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தால் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டு ஒரு மயிரிழை மூடாமல் நிற்கிறது. கைப்பிடியைத் தள்ளினேன், போகவில்லை. இழுத்தேன், டக்கென்ற சத்தத்தோடு தோட்டா வெளியே வந்து என் மடியில் விழுந்தது. அதன் கழுத்தில் காய்ந்து இறுகிய சந்தனம், அதற்கு நடுவில் வடிவான குங்குமப் பொட்டு. நான் குசினியில் நின்ற நேரத்தில் இவர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். தொடக்கூடாதது துவக்கைத்தானாம், தோட்டா துவக்கு இல்லையாம்.

மான் என்னை ஒரு தரம் பார்த்தது. பிறகு வெளியைக் கடந்து அந்தப் பக்கம் போனது. மக்னம் ஒரு முறை வெடித்தது, காடு முழுக்க அதிர்ந்தது. தபால்காரி விழுந்த மானுக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். நான் அழாத குறையாக அந்தப் பொட்டைக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து ஈரப் புல்லில் இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இவரோடு சண்டை பிடித்தேன்.

"இது தோட்டான்ரை பிழையோ, உங்கடை பிழையோ?"

"பொட்டு வைச்சது பிழைதான். ஆனால் சத்தியத்திலை பொட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே," என்றார். முகத்தில் கவலை இருந்தது, குரலில் விட்டுக்கொடுப்பு இல்லை. நான் சத்தியம் செய்தவள். சனிக்கிழமை கடைக்குப் போய்த் துவக்கைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்த நாட்கள் முழுக்க அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விரதம் என்பதால் தபால்காரி வியாழன் பின்னேரமே வந்தார். உரித்துத் தொங்கவிட்டிருந்த மானின் முன்பாதியைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றாகப் போனால் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இவருக்கு வாயெல்லாம் பல். மேசையில் கடதாசி விரித்து, பூசை கண்ட கத்தியை எடுத்து, முதல் தோளை அரிந்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டார்.

தோள் எலும்பு நொறுங்கித் தூளாகியிருந்தது. இறைச்சி முழுக்க இரத்தம் பரவி, கறுத்து, ஈரல் மாதிரிக் கொழகொழத்துக் கிடந்தது. மற்றத் தோளைத் திருப்பினார். அதுவும் அதே கதி. விலாப் பக்கத்தில் கை வைத்தால் எலும்புச் சிராய் குத்தியது. இவர் கோழிக் கழுத்தைக்கூட எறியாத மனிதர். நல்ல இறைச்சியைத் தேடித் தேடி அரிந்தார். எறிகிற வாளிதான் நிரம்பியது. எனக்கே பாவமாக இருந்தது.

"என்னப்பா இது? எதாலை சுட்டவ?"

"உங்கடை மக்னத்தாலைதான்."

வாளியை ஒரு தரம் பார்த்தார். "எங்கடை ரெஸ்ரோரண்டுக்கும் சில மான் இப்பிடித்தான் வாறது," என்றார் பிறகு. "நான் சுட்டவனுக்குச் சுடத் தெரியாதெண்டு நினைச்சுப் பேசிக்கொண்டு இருந்தனான்."

பக்கத்தில் வைத்து அவ்வளவு வேகமான குண்டை அடித்தால் இப்படித்தான் ஆகும். தோளில் பட்டால் என்னுடைய ஏழரையும் கொஞ்சம் கெடுக்கும்தான். அதை நான் அந்த நேரத்தில் சொல்லப் போகவில்லை. அவ்வளவு நேர்மை எனக்கு ஆகாது.

"சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டாம்," என்றார் இவர். "பழசே இருக்கட்டும். அது நல்லது."

எனக்குத் துள்ளவேண்டும்போல இருந்தது. வென்ற சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "பிறகேன் இவ்வளவு நாளும் புதுசு புதுசெண்டு என்ரை உயிரை எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

இவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து கைகளைக் கழுவினார். முதுகு என் பக்கம் இருந்தது.

"பழசை நீர் தனியப் போய் வாங்கிக்கொண்டு வந்திட்டீர். என்னைக் கேக்கேல்லை. தொடத்தான் ஏலாது, கூட வந்து பாக்கலாம்தானே. புதுசெண்டால் ரெண்டு பேருமாய்க் கடைக்குப் போய் எடுப்பமெண்டு நினைச்சன்."

குழாயை மூடிவிட்டு, தேறின இறைச்சியைச் சட்டிக்குள் போடத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் நின்று வெங்காயம் உரித்தேன். பழைய தோட்டா வென்றுவிட்டது. அது தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குப் பட்டது.