தேனீக்களுக்கு நடுவே ரோமாபுரி

குழாய் ரிப்பேர்க்காரருக்கு ரோமாபுரிப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு வாத்தியார் வீட்டுக் குளியலறைதான் காரணம். "ரோம்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின சாக்கடையில இன்னும் தண்ணி ஓடுதாம். நீ போன மாசம் மாட்டின குழாய் ஒழுகுது" என்றார் வாத்தியார். மனிதருக்குச் சுருக்கென்று தைத்தது. மண் குடிசையில் கிடந்த ரோமானியர்கள் எப்படி அவ்வளவு பெரிய ஆளானார்கள் என்று பார்த்துவிடுவோம் என மறுநாளே நூலகத்தில் போய் நின்றார்.

முதலில் எடுத்த புத்தகம் முழுக்க வருஷமும் பெயரும். நான்காம் பக்கத்திலேயே கொட்டாவி. அடுத்தது சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகம். டீ ஆறுவதற்குள் தீர்ந்துபோனது. மூன்றாவது எடுத்த எடுப்பிலேயே பேரரசர்களில் தொடங்கியது. அஸ்திவாரத்தைக் கேட்டால் மொட்டை மாடியைக் காட்டுகிறானே என்று மூடி வைத்தார். நான்காவதுதான் வாகாக மாட்டியது. எண்ணூறு பக்கம். பக்கத்து ஊர்களோடு மல்லுக்கட்டியதையும், தோற்றவர்களையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதையும் அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி சொன்னது. ஆனால் ஒரு விவரத்தையும் விடவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனார். கெடு பதினான்கு நாள். நூறு பக்கம்கூட ஆகவில்லை. திருப்பிக் கொடுத்த மறுநாளே எவனோ எடுத்துப்போய் மூன்று மாதம் வைத்துக்கொண்டான். வயிறு எரியாதா? புத்தகம் திரும்பி வந்ததும், யாரும் எட்டிப் பார்க்காத தேனீ வளர்ப்பு அலமாரியில் அதைச் செருகிவிட்டார். அயோக்கியத்தனம்தான், இல்லை என்று யார் சொன்னது? பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கி, ஞாயிறுதோறும் அங்கேயே உட்கார்ந்து எட்டு எட்டுப் பக்கமாகப் படித்தார். தொண்ணூற்றேழு ஞாயிறு ஓடியது. பாக்கி இருபத்துநாலு பக்கம் இருக்கையில் புத்தகத்தைக் காணோம்.

அது நூலகர் அம்மாவின் மேஜையில், சணல் கயிறு கட்டிய பழைய புத்தகங்களோடு கிடந்தது.

"இதை எதுக்கும்மா கட்டி வச்சிருக்கீங்க?"

"கடைசி முத்திரை விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. யாரும் எடுக்காத புத்தகமெல்லாம் நாளைக்குக் கழிவுல போகுது."

"நான் படிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்படியா? வாராவாரம் தேனீ அலமாரிக்குப் போறீங்களே, வீட்டுல எத்தனை கூடு வளக்கறீங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒளித்து வைத்துக் காப்பாற்றியதாக நினைத்ததுதான் புத்தகத்துக்கே உலை வைத்திருக்கிறது. நூலக அட்டையை நீட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து முத்திரை குத்தினார்.

இருபத்துநாலு பக்கத்தையும் முடித்து, கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே நூலகர் அதை வரலாற்று அலமாரியில் வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, சும்மா பார்க்கலாமே என்று போனால் அங்கே காணோம். யாரும் எடுக்கவில்லை என்றது பதிவேடு. அவர் கால் தானாகத் தேனீ அலமாரிக்கு நடந்தது. புத்தகம் அங்கேதான் இருந்தது. நாற்பதாம் பக்கத்தில் யாருடையதோ ஒரு பஸ் டிக்கெட்.

"திருட்டுப் பய" என்று பல்லைக் கடித்தார். அப்புறம் தாங்க முடியாமல் சிரிப்பு வந்தது. நேராக மேஜைக்குக் கொண்டுபோய் அட்டையை நீட்டினார்.

"நீங்கதான் படிச்சு முடிச்சாச்சே அண்ணே?"

"எனக்கில்லம்மா. இவனுக்கு இன்னும் தொண்ணூத்தஞ்சு ஞாயிறு வேணும்."

முத்திரை விழுந்ததும் அங்கேயே திருப்பிக் கொடுத்து, டிக்கெட் அசையாமல், தேனீக்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்.