அம்மாவுக்குக் காளான் ஆகாது

எங்கள் வீட்டில் காளான் சமைப்பதில்லை என்பது கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம்.

என் வீட்டுக்காரர் பெரிய கோயிலில் பூஜை முறை உள்ள குடும்பத்துப் பிள்ளை. நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் பயிர் செய்கிற வீட்டுப் பெண். திருவண்ணாமலையில் ஒரே கல்லூரியில் படித்தோம். இரண்டு வீட்டிலும் அழுகையும் கூச்சலும் ஓய்ந்து, போனால் போகிறது என்று சம்மதித்த பிறகு, என் மாமியார் ஆகப்போகிறவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கறி, முட்டை, பூண்டு, வெங்காயம், காளான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. அதை என்னிடம் கொண்டுவந்து சொன்னது அவர்தான். சொல்லும்போது அவருக்கு முகமே இல்லை.

கறியும் முட்டையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காளானை விடுவதுதான் கஷ்டமாகத் தெரிந்தது. மழை விட்ட மறுநாள் புற்று ஓரத்தில் முளைத்ததை அப்பா துண்டில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்குவாள். எங்களுக்குள் சட்டிக்குச் சண்டை வரும்.

"காளான் கூடவா?" என்று கேட்டேன்.

"எனக்காக," என்றார். "நீ மட்டும் விடணும்னு சொல்லல. நானும் வெளியில எங்கயும் தொடமாட்டேன். சத்தியம்."

அவர் அதுவரை காளானைச் சாப்பிட்டதே இல்லை. ஆனாலும் அந்தச் சத்தியம் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றை விடுகிறோம் என்றால் அது விட்டது மாதிரியே இருக்காது.

நான் அதை அப்படியே காப்பாற்றினேன். அம்மா வீட்டுக்குப் போனால்கூடத் தொடமாட்டேன். ஒரு ஐப்பசி மழைக்கு அம்மா வதக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வேண்டாம் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடி, உன் வூட்டுக்காரரு இங்க வந்து மோந்து பாக்கப் போறாரா? ரெண்டு வாய் துன்னுட்டுப் போயேன்."

"அவரும் சாப்பிடறதில்லம்மா," என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சட்டியை அப்பாவின் பக்கம் நகர்த்திவிட்டாள்.

மாமியார் கெட்டவர் இல்லை. போகப் போக என்மேல் பாசமாகவே இருந்தார். வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது எங்களோடு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவரே காய் நறுக்கி வைப்பார். கிருத்திகை, பிரதோஷம் தவிர மற்ற நாளில் வெங்காயம், பூண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவராகவே தளர்த்தினார். காளானைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

மாமியார் காலமாகி, வருஷத் திதியும் முடிந்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். மகள் அப்போது கல்லூரி மூன்றாம் வருஷத்தில் இருந்தாள்.

"ஏங்க, இனிமே காளான் வாங்கிச் சமைக்கட்டுமா? பாப்பாவும் சாப்பிட்டுப் பாக்கட்டும்."

அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "வேணாமே. அம்மா இருந்தப்ப வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன வருஷம் மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை வந்திருந்தபோது, தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸை வாங்கிவர அவளுடைய ஸ்கூட்டரில் செங்கம் ரோட்டுக்குப் போனோம். திரும்பும்போது ரமணாசிரமம் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு கஃபே இருந்தது. கூரை போட்ட முற்றம், வாசலில் செருப்புகள், உள்ளே தரையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் வெள்ளைக்காரர்கள்.

"இங்க ஒதுங்கிக்கலாம் நிறுத்து," என்றேன்.

"வேற எடம் போலாம்மா. இங்க நல்லா இருக்காது."

"மழைக்கு ஒதுங்கறதுக்கு நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நனையுது பாரு."

மனசில்லாமல் நிறுத்தினாள். உள்ளே போய் உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கடையை நடத்துகிற பெண் நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும், பாண்டிச்சேரிக்காரர் என்று பிறகு தெரிந்தது. மகளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா! எப்ப வந்த? அப்பா வரலியா?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அத்தைங்களா?"

"அம்மா," என்றேன்.

"ஐயோ, அம்மாவா! நீங்க வரவே மாட்டீங்கன்னுல்ல நெனைச்சேன். அம்மாவுக்குக் காளான்னா ஆகாது, வாசனைகூடப் பிடிக்காதுன்னு சொல்லுவாங்க. அப்பாவும் பொண்ணும் வந்தா இங்க வேற எதுவும் கேக்கமாட்டாங்க, காளான் ரிசோட்டோதான். இது ஸ்கூல் யூனிஃபார்ம்ல வந்த காலத்துலேருந்து."

மகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்றால், மாமியார் உயிரோடு இருந்த காலம். அம்மா இருந்தபடியே வீடு இருக்கட்டும் என்று அவர் கண் கலங்கிச் சொன்னதற்கு முன்பே.

அந்தப் பெண்ணுக்கு ஏதோ தப்பாகிவிட்டது புரிந்தது. "உங்களுக்கு ஒரு லெமன் டீ தரட்டுமா?" என்றார்.

"அவங்க சாப்பிடறதையே எனக்கும் கொண்டு வாங்க," என்றேன்.

அவர் போனதும் மகள் மெதுவாகப் பேசினாள். "உனக்குத் தெரிஞ்சா நீ கஷ்டப்படுவன்னு அப்பாதான் சொன்னாரும்மா. நீதான் ரொம்ப ஆச்சாரம் பாப்பியே."

"நானா?"

"பாட்டி போனதுக்கப்புறமும் நீ விடலியே. ஆயா வூட்டுக்குப் போனாகூட நீ தொடமாட்ட. அப்பா சொல்லுவாரு, உங்கம்மா பிடிச்சா பிடிச்சதுதான், நம்ம எதுக்கு அவ மனச நோகடிக்கணும்னு."

யாருக்காக எதை விட்டேன் என்பதைச் சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்துவிடும்போல இருந்தது. பக்கத்து மேஜையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எதிரே அழப் பிடிக்கவில்லை.

தட்டு வந்தது. பார்க்கக் குழைந்த வெண்பொங்கல் மாதிரி இருந்தது. பருப்பு இல்லை, மிளகு இல்லை. பழுப்பாக வதங்கிய காளான் துண்டுகளும் கண்ணாடியாய்க் கரைந்த வெங்காயமும் அரிசிக்குள் கலந்து கிடந்தன. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன். நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம். அத்தனை நன்றாக இருந்தது. வெண்ணெயும் காளானும் சேர்ந்து நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. அந்த ருசியோடு, இந்த மேஜைகளில் ஏதோ ஒன்றில் அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்ட காட்சியும் வந்தது. அந்த நேரத்தில் நான் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்திருப்பேன். வந்து, பசியில்லை, ஆபீஸில் ஏதோ கொடுத்தார்கள் என்று சொல்லியிருப்பார். பாதித் தட்டோடு ஸ்பூனை வைத்துவிட்டேன்.

ஸ்கூட்டரில் ஏறும்போது மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. பாவம், அவரு தாங்கமாட்டாரு."

எத்தனை வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்ததை, இப்போது நானும் சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் காய்கறிக் கடையில் காளான் வாங்கினேன். வெண்ணெயும் சீஸும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரிசோட்டோ எப்படிச் செய்வது என்று போனில் பார்த்தேன். அதற்கென்று ஒரு இத்தாலி அரிசி வேண்டுமாம். பொங்கலுக்கு வைத்திருந்த பச்சரிசி குட்டையாக, உருண்டையாக இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன். ஒயின் ஊற்றச் சொன்ன இடத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அரிசியைக் கழுவக்கூடாது என்பதுதான் சங்கடமாக இருந்தது. கழுவினால் மாவு போய், அந்தக் கொழகொழப்பு வராதாம். களையாத அரிசியை அடுப்பில் போட்டதே இல்லை நான்.

அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு அடுப்பில் காரட்டையும் காளான் காம்புகளையும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். இன்னொன்றில் காளானை வெண்ணெயில் சிவக்க வதக்கி எடுத்து வைத்தேன். அதே வாணலியில் பொடியாக அரிந்த பெரிய வெங்காயத்தையும் பூண்டையும் போட்டு, நிறம் மாறாமல் நிதானமாக வதக்கினேன். அரிசியைக் கொட்டிப் புரட்டினேன். எலுமிச்சை பிழிந்தேன். பிறகு கொதிக்கிற காய்கறித் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினேன். அது வற்றியதும் இன்னொரு கரண்டி. இந்தச் சமையலில் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. கூடவே நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாசனை ஹாலுக்குப் போயிருக்க வேண்டும். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வாசனை இது?"

"காளான்."

வாணலியை எட்டிப் பார்த்தார். பிறகு, "நம்ம வீட்டுலயா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. அதுவரை, என் முகத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார் என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் அப்போதும் நடித்தார். அதிர்ச்சியைக் குரலில் சரியாகக் கொண்டுவந்தார்.

"உங்களுக்குப் பிடிச்சதுதானே," என்றேன். "நேத்து மழைக்கு ஒதுங்கின எடத்துல சொன்னாங்க. ஸ்கூல் யூனிஃபார்ம் காலத்துலேருந்துன்னு."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அரிசியைப் பார்த்தே கிளறினேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் ஒருநாள் கூட்டிட்டுப் போனாங்க," என்றார். "தெரியாம சாப்பிட்டேன். அப்புறம்… சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நான் கேட்டனே. அத்தை போனதுக்கப்புறம் நானா வாயத் தொறந்து கேட்டனே. அப்ப சொல்லியிருக்கலாமே."

"அப்ப சொன்னா, அதுக்கு முன்னாடியே சாப்பிட்டதும் தெரிஞ்சிடுமே."

ஒரு கரண்டி ஊற்றினேன்.

"சாப்பிட்டீங்க, சரி. நாக்குதானே, யாருக்கும் இருக்கறதுதான். பொண்ணுகிட்ட எனக்கு ஆகாதுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்னன்னு சொல்றது? நான்தான் உங்கம்மாவ விடச் சொன்னேன்னு சொன்னா, அப்ப நீ மட்டும் ஏன்ப்பா சாப்பிடறன்னு கேப்பா."

ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. மறந்துபோய்ச் செய்யவில்லை. மகள் எதிரே தான் நல்லவராக இருப்பதற்கு நான் கெட்டியானவளாக இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேலி பேசிச் சிரிக்கவும் பயந்து மறைக்கவும் வீட்டில் ஒரு ஆச்சாரக்காரி தேவைப்பட்டிருக்கிறாள்.

"அவளுக்குப் போன் பண்ணுங்க," என்றேன். "இப்ப. என் எதிர்ல."

"பஸ்ல இருப்பா. ராத்திரி பேசிக்கலாமே."

"இப்ப."

நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் போடும்படி சொன்னேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே "என்னப்பா?" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. அம்மாவுக்குக் காளான் ஆகாதுன்னு சொன்னன்ல. அது அப்படி இல்ல. அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நான்தான் கல்யாணத்தப்ப விடச் சொன்னேன். பாட்டி போனப்புறமும் நான்தான் வேணாம்னேன்."

"அம்மாகிட்ட குடுப்பா," என்றாள். குரல் உடைந்திருந்தது.

நான் வாங்கவில்லை. அரிசி வெந்துவிட்டது. வெண்ணெயும் துருவிய சீஸும் போட்டு, எடுத்து வைத்த காளானைச் சேர்த்துக் கிளறி இறக்கினேன். ஆறினால் இறுகிவிடும் என்று போட்டிருந்தார்கள். ஒரே ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். முழுத் தட்டையும் சாப்பிட்டேன். கஃபேயில் சாப்பிட்டது போல அத்தனை வழவழப்பாக வரவில்லை. அரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது. ஆனால் உப்பு சரியாக இருந்தது.

அவர் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தார். வாணலியில் மீதி இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மகள்மேல் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது பையைக்கூட வைக்காமல் சமையலறைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் சொல்லப்பட்டதை அவள் நம்பினாள். அவ்வளவுதான். இப்போது அவள் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ரிசோட்டோ செய்கிறோம். ஒருத்தி ஊற்ற, ஒருத்தி கிளற. அவரும் சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார். சண்டை எதுவும் இல்லை.

அவர் இப்போது சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், வெளியில் என்ன சாப்பிட்டார் என்பதை நான் கேட்காமலே சொல்கிறார். இன்றைக்கு டீயும் ஒரு வடையும், இன்றைக்கு யாரோ பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள் என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறார். பாவமாகத்தான் இருக்கிறது. நானும் "அப்படியா" என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லி முடித்து முகம் கழுவப் போனதும், சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.